ஆவாரம்பட்டையும் நானோ துகளும்: உலோக ஆக்சைடுகளின் பசுமைத் தொகுப்பில் ‘பசுமை’யை மெய்ப்பித்தல்

ஆய்வுச் சுருக்கம்

தாவரச் சாறுகளைக் கொண்டு உலோக ஆக்சைடு நானோ துகள்களைத் தயாரிக்கும் முறை ‘பசுமைத் தொகுப்பு’ என வழங்கப்படுகிறது. செயற்கை வேதிப்பொருளுக்கு மாற்றாக இலை, பட்டை, பூ ஆகியவற்றின் சாறு இடம்பெறுவதே இப்பெயருக்குப் பெரும்பாலும் காரணமாகக் காட்டப்படுகிறது. சாறு உண்மையில் ஆற்றும் வேதிப்பணி யாது, உடன் விளையும் கழிவு எவ்வளவு, தயாரித்த துகள் பயன்படும் இடத்தில் நிலைத்து நிற்குமா ஆகிய மூன்று வினாக்களைத் துத்தநாக ஆக்சைடை எடுத்துக்காட்டாகக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது. தோல் பதனிடும் தொழிலால் நீரும் நிலமும் மாசுற்ற மாதனூர், ஆம்பூர், வேலூர் பகுதியைக் களமாகக் கொண்டு, பசுமை என்பது மூலப்பொருளின் பெயரால் அமைவதன்று. முழுச் செயல்முறையின் கணக்கால் மெய்ப்பிக்கப்பட வேண்டியது என்பதை எடுத்துரைக்கிறது.

திறவுச்சொற்கள்: பசுமைத் தொகுப்பு, உலோக ஆக்சைடு, துத்தநாக ஆக்சைடு, டானின், ஆவாரை, தோல் கழிவுநீர், பாலாறு.

முன்னுரை

சென்னை–பெங்களூரு தேசிய நெடுஞ்சாலையில், ஆம்பூருக்கும் பள்ளிகொண்டாவுக்கும் இடையே அமைந்த ஊர் மாதனூர். 2019ஆம் ஆண்டு வேலூர் மாவட்டம் பிரிக்கப்பட்டபோது இவ்வூர் திருப்பத்தூர் மாவட்டத்தின்கீழ் வந்தது. ஆண்டின் பெரும்பகுதி மணற்பரப்பாகவே காட்சி தரும் பாலாற்றின் நிலத்தடி நீரை நம்பி வாழும் இப்பகுதியில், வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, மேல்விஷாரம், இராணிப்பேட்டை எனத் தோல் பதனிடும் தொழில் தொடர்ச்சியாகப் பரவியுள்ளது. பல்லாயிரம் குடும்பங்களின் பிழைப்பு இத்தொழிலைச் சார்ந்தது. கிணறுகளும் வயல்களும் உப்பேறியதும் இத்தொழிலின் விளைவே.

இந்திய உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 அன்று வேலூர் குடிமக்கள் நலப் பேரவை தொடுத்த வழக்கில் வழங்கிய தீர்ப்பு இப்பின்னணியில் எழுந்தது. முன்னெச்சரிக்கைக் கொள்கையும், மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்னும் கொள்கையும் இந்நாட்டுச் சட்டத்தின் பகுதிகள் என்று அத்தீர்ப்பு அறிவித்தது. ஒரு செயல் சுற்றுச்சூழலுக்குத் தீங்கற்றது என்று மெய்ப்பிக்கும் பொறுப்பு அச்செயலைச் செய்பவரையே சாரும் என்பதும் அதில் அடங்கும். பிரச்சினை அத்துடன் தீர்ந்துவிடவில்லை. 2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் வேலூர்ப் பகுதித் தோல் கழிவு குறித்து மீண்டும் ஒரு விரிவான தீர்ப்பை வழங்க நேர்ந்தது.

தொழிற்சாலைக்கு விதிக்கப்பட்ட இந்த மெய்ப்பிக்கும் பொறுப்பு ஆய்வகத்திற்கும் பொருந்துமா? பொருந்தும் என்பதே இக்கட்டுரையின் நிலைப்பாடு. தன் முறையைப் ‘பசுமை’ என்று அழைக்கும் ஆய்வாளர் அச்சொல்லுக்குச் சான்று தரக் கடமைப்பட்டவர்.

தாவரத் துவர்ப்பும் தோல் தொழிலும்

தாவரச் சாற்றின் வேதியியலுக்கு இப்பகுதி புதியதன்று. குரோமியம் வருவதற்கு முன்னர்த் தென்னிந்தியாவில் தோல் பதனிடப் பயன்பட்ட முதன்மைப் பொருள்களுள் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் அடங்கும். இவற்றில் உள்ள டானின் என்னும் துவர்ப்புப் பொருள் பாலிபீனால் வகையைச் சார்ந்தது. அதன் ஹைட்ராக்சில் தொகுதிகள் தோலின் கொலாஜன் புரதத்துடன் ஹைட்ரஜன் பிணைப்புகளால் இணைந்து, தோல் அழுகாமல் காக்கின்றன. இம்முறையில் பதனிட்ட தோல் ‘கிழக்கிந்தியத் தோல்’ என்ற பெயரில் ஐரோப்பியச் சந்தைக்குச் சென்றது. பின்னர் வாட்டில் மரப்பட்டை ஆவாரையின் இடத்தைப் பெருமளவு பிடித்தது.

1973ஆம் ஆண்டையொட்டி அரைகுறையாகப் பதனிட்ட தோலின் ஏற்றுமதியை நடுவண் அரசு கட்டுப்படுத்தி, முழுமையாகப் பதனிட்ட தோலையும் தோல் பொருள்களையும் ஊக்குவித்தது. அதன்பின் குரோமியப் பதனீடு விரைந்து பரவியது. தாவரப் பட்டைக்கு வாரக் கணக்கில் தேவைப்பட்ட பணி, காரத்தன்மையுள்ள குரோமியம் சல்பேட்டால் ஒரு நாளுக்குள் முடிந்தது; கிடைத்த தோலும் வெப்பத்தைக் கூடுதலாகத் தாங்கியது. ஆயினும் வழக்கமான முறையில் இடப்படும் குரோமியத்தில் ஏறத்தாழ 60 முதல் 70 விழுக்காடே தோலில் ஏறுகிறது. எஞ்சியது கழிவுநீரில் கலக்கிறது. பச்சைத் தோலைக் காக்க இடும் உப்பும் இதனுடன் சேர்கிறது.

இவ்வரலாற்றில் ஓர் எச்சரிக்கை உண்டு. குரோமியப் பதனீடு அறிமுகமானபோது விரைவும் தரமும் கணக்கிடப்பட்டன. தோலில் ஏறாமல் வெளியேறும் பகுதி உரிய கவனம் பெறவில்லை. புதிய முறை எதுவாயினும், பொருளுக்குள் செல்லாமல் எஞ்சுவது என்ன, அது எங்குச் செல்கிறது என்னும் வினாவை முதலிலேயே எழுப்ப வேண்டும் என்பதைப் பாலாற்றுப் படுகை கற்றுத் தருகிறது.

பசுமைத் தொகுப்பு: செயல்முறை

1 முதல் 100 நானோமீட்டர் வரையிலான அளவுடைய துகள்கள் நானோ துகள்கள் எனப்படும். துகள் சிறிதாகச் சிறிதாக அதன் எடைக்கு ஏற்ற புறப்பரப்பு மிகுவதால் வினைத்திறன் உயர்கிறது. துத்தநாக ஆக்சைடு, டைட்டானியம் டைஆக்சைடு, இரும்பு ஆக்சைடுகள், தாமிர ஆக்சைடு ஆகியவை நுண்ணுயிர் எதிர்ப்பு, ஒளிவினையூக்கம், உணர்விகள் ஆகிய துறைகளில் மிகுதியாக ஆராயப்படுகின்றன.

தாவரவழித் தொகுப்பின் செயல்முறை எளியது. இலை, பூ அல்லது பட்டையைக் கழுவி, உலர்த்தி, தூளாக்கி, காய்ச்சி வடித்த நீரில் 60 முதல் 80 °செ. வெப்பநிலையில் சூடாக்கிச் சாறு வடிக்கப்படுகிறது. அச்சாற்றுடன் துத்தநாக நைட்ரேட் அல்லது துத்தநாக அசிட்டேட் கரைசல் கலக்கப்படுகிறது. அதன்பின் இரு வழிகள் உள்ளன. ஒன்று, சோடியம் ஹைட்ராக்சைடு சேர்த்து வீழ்படிவாக்கி, கழுவி, உலர்த்துவது. மற்றொன்று, கலவையைக் கூழாகும் வரை வற்றவைத்து, 400 முதல் 500 °செ. வெப்பநிலையில் உலையில் சுடுவது. பல ஆய்வுகள் இவ்விரண்டையும் இணைத்துச் செய்கின்றன. வேம்பு, துளசி, சோற்றுக் கற்றாழை, முருங்கை முதலியவற்றுடன் ஆவாரையும் இம்முறையில் பயன்படுத்தப்பட்டுள்ளது.

சாறு ஆற்றும் பணி: ஒடுக்கமா, கொடுக்கிணைப்பா?

இத்துறைக் கட்டுரைகளில் அடிக்கடி காணப்படும் தொடர், ‘சாற்றிலுள்ள பாலிபீனால்கள் உலோக அயனிகளை ஒடுக்கி நானோ துகள்களை உருவாக்குகின்றன’ என்பதாகும். வெள்ளி, தங்கம் ஆகியவற்றுக்கு இது பொருந்தும். வெள்ளி அயனி எலக்ட்ரானை ஏற்று உலோக வெள்ளியாக மாறுகிறது. அதன் திட்ட ஒடுக்க மின்னழுத்தம் +0.80 வோல்ட் ஆதலால் பாலிபீனால் அதை எளிதில் ஒடுக்கும்.

துத்தநாக ஆக்சைடுக்கு இவ்விளக்கம் பொருந்தாது. நைட்ரேட்டிலும் துத்தநாகத்தின் ஆக்சிஜனேற்ற எண் +2, ஆக்சைடிலும் +2. இங்கு ஒடுக்கம் நிகழத் தேவையே இல்லை. துத்தநாக அயனியின் திட்ட ஒடுக்க மின்னழுத்தம் −0.76 வோல்ட், நீர்க்கரைசலில் அதைப் பாலிபீனால் உலோகமாக்கிவிடும் என்று கருதவும் இடமில்லை. டைட்டானியம் டைஆக்சைடுக்கும் இதே தருக்கம் பொருந்தும். அதன் வழக்கமான மூலப்பொருள்களில் டைட்டானியம் ஏற்கெனவே +4 நிலையில்தான் உள்ளது.

எனில், சாறு செய்வது என்ன? நான்கு பணிகளைக் குறிப்பிடலாம். முதலாவது, டானின், பிளேவனாய்டு ஆகியவற்றின் அடுத்தடுத்த ஹைட்ராக்சில் தொகுதிகள் துத்தநாக அயனியைக் கொடுக்குப்போல் பற்றி அணைவுச் சேர்மம் ஆக்குகின்றன. இதனால் அயனி மெதுவாக வெளியிடப்பட்டு, படிகம் ஒரே சீராக வளர்கிறது. இரண்டாவது, இம்மூலக்கூறுகள் துகளின் மேற்பரப்பில் படிந்து, துகள்கள் ஒன்றோடொன்று திரள்வதைத் தடுக்கின்றன. மூன்றாவது, சாறு கரைசலின் பிஎச் மதிப்பை மாற்றுகிறது. நான்காவது, உலையில் சுடும்போது சாற்றின் கரிமப் பொருள் எரிபொருளாகவும் நைட்ரேட் ஆக்சிஜனேற்றியாகவும் செயல்படுகின்றன. யூரியாவை எரிபொருளாகக் கொண்டு கரைசல் எரிப்பு முறையில் அலுமினாவை உருவாக்கும் வழியைப் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் கிங்ஸ்லி, பாட்டீல் இருவரும் 1988இல் வெளியிட்டனர். தாவரச் சாற்றுடன் நைட்ரேட்டைச் சுடும் பல முறைகள் உண்மையில் அம்முறையின் உறவினவே.

இவ்வேறுபாடு சொல்லாராய்ச்சி அன்று. சாறு ஒடுக்கியாகச் செயல்படுகிறது என்று கொண்டால், அதை விலக்கியதும் வினை நின்றுவிட வேண்டும். ஆனால் சாறே இல்லாமல் துத்தநாக நைட்ரேட்டை உலையில் சுட்டாலும் துத்தநாக ஆக்சைடு கிடைக்கும். ஆகவே, துகள் உருவானது என்பது சாறு வினையாற்றியதற்குச் சான்றாகாது. சாறு இட்டதற்கும் இடாததற்கும் இடையிலான வேறுபாடே சான்றாகும்.

நிறமாற்றம் சான்றாகுமா?

வெள்ளி நானோ துகள் உருவாகும்போது கரைசல் பழுப்பாக மாறுகிறது. இந்நிறம் துகளின் மேற்பரப்பு எலக்ட்ரான்களின் கூட்டு அலைவால் விளைவது. துத்தநாக ஆக்சைடு வெண்மையானது; கட்புலன் பகுதியில் அதற்கு இத்தகைய உட்கவர்தல் இல்லை. அதன் உட்கவர்தல் 360 முதல் 380 நானோமீட்டர் பகுதியில் அமையும். எனவே, கலவை பழுப்பாக மாறியது என்பது பெரும்பாலும் பாலிபீனால்கள் காரச் சூழலில் ஆக்சிஜனேற்றம் அடைந்ததையே காட்டுகிறது.

இரும்புச் சேர்மங்களில் இன்னும் கூடுதல் கவனம் வேண்டும். கடுக்காய்ச் சாறும் இரும்பும் சேர்ந்தால் கருமை பிறக்கும் என்பது மை காய்ச்சியோரும் கலம்காரித் துணிக்குச் சாயமிட்டோரும் பல தலைமுறைகளாக அறிந்த செய்தி. அக்கருமை இரும்பு–டானின் அணைவின் நிறம். அதே கருமையை இன்று ஆய்வகத்தில் கண்டு, இரும்பு ஆக்சைடு நானோ துகள் உருவாயிற்று என்று முடிவு கூறுவது பொருந்தாது.

உறுதியான சான்றுகள் வேறு. எக்ஸ்-கதிர் விளிம்பு விளைவில், தாமிர இலக்குக் கதிரைப் பயன்படுத்தும்போது, துத்தநாக ஆக்சைடின் அறுகோணப் படிகம் 31.8°, 34.4°, 36.3° ஆகிய கோணங்களில் முதன்மை முகடுகளைத் தரும். முகட்டின் அகலத்திலிருந்து ஷெரர் 1918இல் தந்த சமன்பாட்டால் படிக அளவைக் கணிக்கலாம். 36.3° கோணத்தில் அகலம் 0.35° எனில், வடிவ மாறிலியை 0.9 எனக் கொண்டால், அளவு ஏறத்தாழ 24 நானோமீட்டர். கருவியால் விளையும் அகலத்தைக் கழித்த பின்னரே இக்கணக்கைச் செய்ய வேண்டும். மேலும், இது படிகப் பகுதியின் அளவே. பல படிகங்கள் திரண்ட துகளின் அளவை ஊடுருவு மின்னணு நுண்ணோக்கியே காட்டும். அகச்சிவப்பு நிறமாலையில் 400 முதல் 500 வரையிலான அலை எண் பகுதியில் தோன்றும் உலோக–ஆக்சிஜன் அதிர்வு துணைச் சான்றாகும். 500 °செ. வெப்பநிலையில் காற்றில் சுட்ட பொருளின் மேற்பரப்பில் ஆவாரைச் சாற்றின் கரிம மூலக்கூறுகள் மாறாமல் நிலைத்துள்ளன என்று கூறுவோர், அவை அவ்வெப்பத்தில் எரிந்துவிடவில்லை என்பதற்கும் தனியே சான்று தர வேண்டும்.

பசுமையின் கணக்கு

பால் அனஸ்தாஸ், ஜான் வார்னர் இருவரும் 1998இல் பசுமை வேதியியலின் 12 கொள்கைகளை வகுத்தனர். கழிவு தோன்றிய பின் அகற்றுவதைவிடத் தோன்றாமல் தடுப்பதே மேல் என்பது அவற்றுள் முதலாவது. புதுப்பிக்கத்தக்க மூலப்பொருள் என்பது ஏழாவது. தாவரச் சாற்றின் பெயரால் பசுமை என்பவர்கள் ஏழாவதைச் சுட்டுகின்றனர். முதலாவது பல நேரங்களில் கணக்கில் வருவதில்லை. ரோஜர் ஷெல்டன் 1992இல் முன்வைத்த கழிவுக் காரணி, அதாவது விளைபொருளின் எடைக்கு எத்தனை மடங்கு கழிவு என்னும் அளவு, இக்குறையை நிரப்ப உதவும்.

துத்தநாக நைட்ரேட் அறுநீரேற்றின் மூலக்கூறு எடை 297.5, துத்தநாக ஆக்சைடின் எடை 81.4. எனவே, 100 கிராம் நைட்ரேட்டிலிருந்து கிடைக்கக்கூடிய பெரும அளவு 27.4 கிராம் ஆக்சைடே. சாறின்றி நேராகச் சுட்டால் எஞ்சிய 72.6 கிராமில் 36.3 கிராம் நீராவி, 30.9 கிராம் நைட்ரஜன் டைஆக்சைடு, 5.4 கிராம் ஆக்சிஜன் எனப் பிரியும். நைட்ரஜன் டைஆக்சைடு நச்சு வளிமம். தாவரச் சாறு தகுந்த அளவில் எரிபொருளாக அமைந்தால் நைட்ரேட்டின் ஒரு பகுதி தீங்கற்ற நைட்ரஜனாக மாறக்கூடும். சாற்றின் மெய்யான பசுமைப் பயன் இங்கேதான் இருக்கக்கூடும். ஆனால் அது உலையிலிருந்து வெளியேறும் வளிமத்தை அளந்தால் மட்டுமே தெரியவரும்.

சோடியம் ஹைட்ராக்சைடு கொண்டு வீழ்படிவாக்கினால் கணக்கு வேறு. ஒவ்வொரு கிராம் துத்தநாக ஆக்சைடுக்கும் 2.09 கிராம் சோடியம் நைட்ரேட் கழுவுநீரில் சேரும். அதில் நைட்ரேட் அயனி மட்டும் 1.52 கிராம். குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம் அனுமதிக்கும் நைட்ரேட் அளவு லிட்டருக்கு 45 மி.கி. ஒரு கிராம் துகளுக்குரிய நைட்ரேட்டை அவ்வளவுக்குள் கொண்டுவர ஏறத்தாழ 34 லிட்டர் தூய நீர் வேண்டும். நைட்ரேட்டுக்குப் பதில் சல்பேட்டைப் பயன்படுத்தினால் ஒவ்வொரு கிராமுக்கும் 1.74 கிராம் சோடியம் சல்பேட் எஞ்சும். கரைசலில் மிகுதியாக இடும் காரமும், வீழ்படியாமல் தங்கும் துத்தநாகமும் இக்கணக்கில் சேரவில்லை.

வேறோர் ஊரில் இவ்வுப்பு சிறிய செய்தியாகத் தோன்றலாம். பாலாற்றுப் படுகையின் முதன்மைச் சிக்கலே நீரில் கரைந்த உப்பு. குரோமியத்தை வீழ்படிவாக்கிப் பிரித்துவிட முடியும்; சோடியம் உப்புகளை அவ்வாறு பிரிக்க இயலாது. பொதுக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்கள் எதிர்ச்சவ்வூடு பரவல் முறையால் நீரை மீட்டாலும், ஆவியாக்கியபின் எஞ்சும் உப்பை எங்குச் சேர்ப்பது என்பது அங்கே தொடரும் சிக்கல். ஆய்வகத்தின் ‘பசுமை’ முறை அதே வகை உப்பையே கூடுதலாகத் தருமாயின், அது இப்பகுதியின் சுமையைக் குறைப்பதாகாது.

ஆற்றலும் கணக்கில் வர வேண்டும். 3 கிலோவாட் உலை முழுத் திறனில் 2 மணி நேரம் இயங்கினால் 6 யூனிட் மின்சாரம் செலவாகும். அவ்வுலையில் விளைவது சில கிராம் துகளே எனில், ஒரு கிராமுக்கான ஆற்றல் செலவு மிகப் பெரிது.

தோல் கழிவுநீரில் பயன்பாடு

இத்துகள்களின் பயன்களுள் ஒன்றாகச் சாயக் கழிவுநீரை ஒளிவினையூக்கத்தால் தூய்மையாக்குதல் கூறப்படுகிறது. துத்தநாக ஆக்சைடின் ஆற்றல் இடைவெளி ஏறத்தாழ 3.37 எலக்ட்ரான் வோல்ட். அதைத் தாண்ட 368 நானோமீட்டருக்கும் குறைவான அலைநீளமுள்ள ஒளி தேவை. சூரிய ஒளியில் புற ஊதாப் பகுதி ஏறத்தாழ 5 விழுக்காடு மட்டுமே. அவ்வொளியால் தோன்றும் ஹைட்ராக்சில் உறுப்புகள் சாய மூலக்கூறைச் சிதைக்கின்றன.

ஆய்வகச் சோதனைகள் பெரும்பாலும் காய்ச்சி வடித்த நீரில் கரைத்த மெத்திலீன் நீலத்தைக் கொண்டு நடைபெறுகின்றன. தோல் கழிவுநீரின் இயல்பு முற்றிலும் வேறு. முதலாவதாக, அதில் குளோரைடு மிகுதி. குளோரைடு அயனிகள் ஹைட்ராக்சில் உறுப்புகளைக் கவர்ந்து வினையைத் தளர்த்துகின்றன. இரண்டாவதாக, குரோமியப் பதனீட்டில் எஞ்சும் நீர் அமிலத்தன்மை உடையது. அதன் பிஎச் மதிப்பு ஏறத்தாழ 3 முதல் 4 வரை. துத்தநாக ஆக்சைடோ ஈரியல்பு உடையது. அமிலத்திலும் வன்காரத்திலும் கரையும். அந்நீரில் இட்ட துகள் வினையூக்கியாக நிற்காது. துத்தநாக அயனியாகக் கரைந்து, பாசி முதலிய நீர்வாழ் உயிர்களுக்கு நஞ்சாகும். மூன்றாவதாக, பல ஆய்வுகள் ஆறிணைதிறக் குரோமியத்தை மூவிணைதிறக் குரோமியமாக மாற்றுவதைச் சாதனையாகக் காட்டுகின்றன. ஆனால் பதனிடும் கழிவில் முதன்மையாக இருப்பது மூவிணைதிறக் குரோமியமே. அது வினையின்போது நச்சு மிக்க ஆறிணைதிற நிலைக்கு மாறவில்லை என்பதையே இங்கு அளந்து காட்ட வேண்டும்.

மூலப்பொருளும் உள்ளூர்ச் சூழலும்

ஆவாரையின் பட்டையை உரித்தால் செடி பாதிக்கப்படும். பூவும் இலையும் பறித்த பின் மீண்டும் தழைப்பவை. அவற்றினும் பொருத்தமான மூலம் ஒன்று இப்பகுதியிலேயே கிடைக்கிறது. தாவரப் பதனீடு செய்யும் கூடங்களில் எஞ்சும் பட்டைச் சக்கையிலும் துவர்நீரிலும் டானின் மிச்சமிருக்கும். கழிவாக வெளியேறும் அதைச் சாறாகப் பயன்படுத்தினால் புதிய தாவரப் பொருளும் தேவையில்லை. ஒரு கழிவும் குறையும்.

இதிலும் ஓர் இடர் உண்டு. எஞ்சிய துவர்நீரில் குளோரைடு மிகுந்திருந்தால், துத்தநாக ஆக்சைடுக்குப் பதிலாகத் துத்தநாக ஹைட்ராக்சி குளோரைடு வீழ்படியக்கூடும். எக்ஸ்-கதிர் ஆய்வு இன்றி வெண்ணிற வீழ்படிவை மட்டும் கண்டு ஆக்சைடு என்று முடிவு கட்ட இயலாது. ஆதலால் குளோரைடு அளவை முன்னரே கண்டறிந்து, தேவையெனில் சக்கையை மட்டும் கழுவிப் பயன்படுத்துவது தக்கது.

மேற்கண்டவற்றின் அடிப்படையில், பசுமைத் தொகுப்பு குறித்த ஆய்வேடுகளில் பின்வரும் ஐந்தும் இடம்பெறுவது நலம்.

1. சாறு இடாமல், அதே பிஎச் மதிப்பிலும் அதே வெப்பநிலையிலும் செய்த கட்டுப்பாட்டுச் சோதனை.
2. சாற்றின் மொத்தப் பாலிபீனால் அளவு, செடி சேகரித்த பருவம், இடம் ஆகியவை. பருவத்திற்கேற்ப டானின் அளவு மாறுவதால், இவையின்றி முடிவை மறுபடி பெற இயலாது.
3. உண்மையில் கிடைத்த விளைச்சல், கழுவுநீரின் அளவு, அதிலுள்ள உப்பு, எஞ்சிய துத்தநாகம், கழிவுக் காரணி.
4. உலையின் வெப்பநிலை, நேரம், மின் செலவு.
5. கழிவுநீர்ப் பயன்பாட்டைக் கூறும் ஆய்வாயின், உண்மையான கழிவுநீரில் செய்த சோதனையும், வினைக்குப் பின் கரைந்த உலோக அளவும்.

இவற்றுள் பெரும்பாலானவற்றிற்குத் தராசு, பிஎச் அளவி, மின்கடத்துத்திறன் அளவி, மின்மானி ஆகியவையே போதும். மாநிலப் பல்கலைக்கழகங்களின் எளிய ஆய்வகங்களிலும் இவை உண்டு. கழுவுநீரைத் தொட்டியில் ஊற்றுவதற்கு முன் ஒரு குடுவையில் சேர்த்து அளப்பதே இதன் தொடக்கம்.

முடிவுரை

தாவரச் சாறு வழி உலோக ஆக்சைடு தொகுப்பு பயனற்ற முயற்சி அன்று. சாற்றின் கொடுக்கிணைப்பும், துகள் திரளாமல் காக்கும் தன்மையும், எரிபொருளாக அமையும் இயல்பும் உண்மையான வேதிப்பண்புகள். அவற்றை முறையாகப் பயன்படுத்தினால் துகளின் அளவைக் கட்டுப்படுத்தவும், செயற்கைப் பொருள்களைக் குறைக்கவும் இயலும். ஆனால் துத்தநாகத்தை அது ‘ஒடுக்குகிறது’ என்னும் பிழையான விளக்கமும், இலை சேர்ந்ததாலேயே முறை முழுவதும் பசுமையாயிற்று என்னும் முடிவும் கைவிடப்பட வேண்டியவை.

ஒரே டானின் ஒரு காலத்தில் மாதனூர்ப் பகுதியின் தோலைப் பதப்படுத்தியது. இன்று ஆய்வகத்தில் துகளை உருவாக்க உதவுகிறது. அன்றும் இன்றும் ஒரு முறையின் நன்மை தீமையை முடிவு செய்வது, பயன்படுத்தும் செடியன்று; அச்செடியோடு சேர்க்கும் பொருளும், இறுதியில் வெளியேறும் நீருமே. தீங்கற்றது என மெய்ப்பிக்கும் பொறுப்பு செய்பவருக்கே உரியது என்னும் நெறியை இந்நாட்டுச் சட்டத்திற்குத் தந்த வழக்கு இப்படுகையிலிருந்து எழுந்தது. அந்நெறியைத் தன் குடுவைக்கும் உலைக்கும் ஏற்கும் ஆய்வே பசுமை என்னும் பெயருக்கு உரியதாகும்.